நாயரின் மறுப்புக் குறிப்பு: டாக்டர் டி. எம். நாயரை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்?

வேப்பேரி வாசகர்:

டாக்டர் டி. எம். நாயர் என்றவுடன், பிராமணரல்லாதார் உரிமைக்காகத் தோன்றிய நீதிக்கட்சியின் வரலாற்றை ஓரளவு படித்தவர்களுக்கு மூன்று செய்திகள் நினைவுக்கு வரும். 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் வழக்கறிஞர் எத்திராஜுலு முதலியார் இல்லத்தில் நடந்த, கட்சிக்கு அடித்தளமிட்ட கூட்டம், 1917 பிப்ரவரி 26 அன்று வெளிவரத் தொடங்கிய ‘ஜஸ்டிஸ்’ நாளேடு, அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று சென்னை ஸ்பர்டாங்கில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே அவர் ஆற்றிய உரை ஆகியவையே அவை. 1919 ஜூலை 17 அன்று அவர் இலண்டனில் காலமானார். அப்படியானால் நாம் பேசிக்கொண்டிருப்பது இரண்டு ஆண்டு எட்டு மாதக் கதை மட்டுமே. 1868இல் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, சென்னையிலும் எடின்பரோவிலும் மருத்துவம் பயின்று, காது மூக்கு தொண்டைத் துறையில் பெயர் பெற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொதுவாழ்வில் உழைத்த ஒருவரின் முற்பகுதி முழுவதையும் நாம் முன்னுரையாகச் சுருக்கிவிட்டோம்.

என் கருத்து இதுதான்: நாயரை 1916இலிருந்து பின்னோக்கிப் படிப்பதைவிட 1908இலிருந்து முன்னோக்கிப் படித்தால்தான் அவருடைய அரசியலும் சரியாக விளங்கும். 1907இல் இந்திய அரசு மோரிசன் என்பவர் தலைமையில் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தை அமைத்தது. நாயர் அதன் உறுப்பினர்களில் ஒருவர். மின்விளக்கு வந்த பிறகு, சூரியன் மறைந்தால் வேலை நிற்கும் என்ற இயற்கையான எல்லையும் ஆலைகளில் இல்லாமற்போனது. பம்பாய் மில்களில் ஆண்கள் பதினான்கு, பதினைந்து மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்ற காலம் அது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் பதினொரு மணி என்றும் குழந்தைகளுக்கு ஏழு மணி என்றும் வரம்பு கட்டியிருந்தது. வயதுவந்த ஆண்களைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

ஆணையத்தின் பெரும்பான்மையினர் அந்நிலை தொடரலாம் என்றே 1908இல் பரிந்துரைத்தனர். பதினான்கு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட இளைஞர்கள் என்று புதிய பிரிவு ஒன்றை உருவாக்கி, அவர்களுக்குப் பன்னிரண்டு மணி வரம்பு விதித்தால், அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே மற்றவர்களின் நேரமும் தானாகக் குறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நாயர் இதை ஏற்கவில்லை. வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்தையும் சட்டமே நேரடியாக வரையறுக்க வேண்டும் என்று தனியே மறுப்புக் குறிப்பு எழுதினார். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவு, நூற்பாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்தபோது, அரசு பெரும்பான்மையினரின் சுற்றுவழியைக் கைவிட்டு நாயர் காட்டிய நேர்வழியைத்தான் பின்பற்றியது. இந்திய ஆண் தொழிலாளிக்குச் சட்டத்தில் கிடைத்த முதல் நேர வரம்பு அது. நீதிக்கட்சியின் மேடைகளிலாவது இச்செய்தி அடிக்கடி சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

சுவடிக்காரர்:

நல்ல தொடக்கம், ஐயா. பெரும்பான்மையினரின் வாதத்தில் இருந்த ஓட்டையை இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். இளைஞர்களுக்கு மட்டும் வரம்பு விதித்தால், முதலாளி அவ்வயதினரை வேலைக்கு எடுப்பதையே நிறுத்திவிடலாம். அல்லது அவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி நிறுத்தி, பெரியவர்களைப் பழையபடியே வேலை வாங்கலாம். குழந்தைகள் விஷயத்தில் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. போலி வயதுச் சான்றிதழ்களும் தாராளமாகப் புழங்கின. ஆலைக்குள் சென்று பார்த்தவர் இதைக் கணிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அக்காலத்து இந்தியத் தேசியப் பத்திரிகைகள் பல, தொழிற்சாலைச் சட்டங்களை மான்செஸ்டர் முதலாளிகளின் சூழ்ச்சி என்றே கருதின. இந்திய மில்கள் மலிவாகத் துணி நெய்வதைப் பொறுக்காத லங்காஷயர்க்காரர்கள், தொழிலாளர் நலன் என்ற பெயரில் இந்தியத் தொழிலை முடக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. லங்காஷயரின் அழுத்தம் இருக்கத்தான் செய்தது. ஆகவே நாயர் எழுதிய குறிப்பு, அன்றைய சூழலில் இந்திய முதலாளிகளுக்கு எதிராகவும் பிரிட்டிஷ் முதலாளிகளுக்கு உதவியாகவும் படிக்கப்பட்டிருக்கக் கூடும். அதைத் தெரிந்துகொண்டேதான் அவர் எழுதினார் என்று நான் நம்புகிறேன். பின்னாளில் ‘வெள்ளையருக்கு வால்பிடித்தவர்’ என்று அவர்மீது சுமத்தப்பட்ட பழியின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

நாடித்துடிப்பு:

நான் மருத்துவத் துறையில் இருப்பவள். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரை ஆலைத் தொழிலாளர் ஆணையத்தில் சேர்த்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் அவர் கண்கள் எதைப் பார்த்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. நூற்பாலையின் உள்ளே காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி முதலில் படிவது மூக்கிலும் தொண்டையிலும்தான். தறிக்கூடத்தின் இரைச்சல் முதலில் கெடுப்பது காதை. அவர் படித்த துறையின் மூன்று உறுப்புகளும் அந்தக் கூடத்தில் ஒரே நேரத்தில் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. இத்தகைய இடத்தில் பதினைந்து மணி நேரம் நிற்பதா, பன்னிரண்டு மணி நேரம் நிற்பதா என்பது ஒரு மருத்துவருக்குக் கொள்கை விவாதமாகத் தோன்றாது.

வயதுச் சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத அக்காலத்தில், ஒரு பிள்ளை ஒன்பது வயதைத் தாண்டியதா, பதினான்கைத் தாண்டியதா என்பதை மருத்துவர்கள் பெரும்பாலும் பல்லைப் பார்த்தே முடிவு செய்தார்கள். இரண்டாம் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும், அதன் அடிப்படையில் கையெழுத்திடுவதுமாக ஒரு குழந்தையின் நாள் முழுவதும் தீர்மானிக்கப்பட்டது. பல் முளைப்பது குழந்தைக்குக் குழந்தை ஓராண்டு, ஈராண்டுகூட முன்பின்னாகும் என்பதை மருத்துவம் படித்த எவரும் அறிவர். சட்டத்தின் வாசகத்துக்கும் அது நடைமுறைப்படும் விதத்துக்கும் இடையிலிருந்த தூரத்தைத் தம் தொழில் வழியாகவே நாயர் அறிந்திருந்தார். சுற்றுவழி வரம்புகளில் அவருக்கு நம்பிக்கை இல்லாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

மில் சங்கு:

வேப்பேரி வாசகர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் வடசென்னை ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். என் தாத்தா வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே நின்று தலைத்துண்டை உதறி, புருவத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கையால் வழித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மருத்துவர் அம்மா எழுதியதைப் படித்தபோது அதுதான் கண்முன் வந்தது. அவருக்குக் காது மந்தமாகிவிட்டதால், வீட்டில் நாங்கள் எல்லோரும் உரக்கப் பேசியே பழகியவர்கள்.

இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். 1908இல் தொழிலாளிக்காக இவ்வளவு தெளிவாக எழுதிய நாயர், 1916க்குப் பிறகு தொழிலாளியின் பக்கம் ஏன் வரவில்லை? 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் கொண்டாடுகிறோம். அதற்கு வழிகோலியவர்கள் செல்வபதிச் செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். தலைமையேற்றவர் பி. பி. வாடியா. துணை நின்றவர் திரு. வி. க. வாடியா யார்? பிரம்மஞான சபையின் தலைவரும் ஹோம் ரூல் என்னும் தன்னாட்சி இயக்கத்தை நடத்தியவருமான அன்னி பெசன்டின் நெருங்கிய தோழர், அச்சபைக்காரர், 1917இல் பெசன்டோடு சேர்த்து உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். நாயர் ஓயாமல் எதிர்த்த அந்தப் பெசன்டின் முகாமிலிருந்துதான் எங்கள் ஆட்களுக்குச் சங்கம் வந்தது. நாயரின் முகாமிலிருந்து வரவில்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது?

வேப்பேரி வாசகர்:

மிகச் சரியான கேள்வி. இதற்கு மழுப்பலான பதில் கூடாது. 1918இல் நாயர் நோயாளி. நீரிழிவு அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டிலேயே இலண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். ஆனால் நான் இதைச் சாக்காகச் சொல்ல விரும்பவில்லை. உடல் நன்றாக இருந்திருந்தாலும், அவர் பெரம்பூர் மைதானத்தில் தொழிலாளர்களைத் திரட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய முறை வேறு. சான்றுகளைத் தொகுத்து, குழுவில் வாதிட்டு, குறிப்பு எழுதி, சட்டத்தைத் திருத்தச் செய்வதே அவர் அறிந்த வழி. திரு. வி. க.வும் வாடியாவும் தொழிலாளியையே பேச வைத்தார்கள். நாயர் தொழிலாளிக்காகப் பேசினார். இவ்விரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இதில் பெரம்பூர் வழியே உயர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் ஸ்பர்டாங்கு உரையை நினைத்துப் பாருங்கள். சென்னையில் அன்று ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் அவ்வுரையைக் கேட்ட ஒடுக்கப்பட்ட மக்களே. சட்டமன்ற இடங்களையும் அரசுப் பதவிகளையும் பற்றி மட்டும் பேசும் கட்சியாக இருந்தால், வாக்குரிமையே இல்லாத மக்களிடம் போய் அவர் பேச வேண்டிய தேவை இல்லை. அவர் போனார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மில் சங்கு:

போனார், பேசினார், மறுக்கவில்லை. ஆனால் அவர் கட்டிய கட்சி 1921இல் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? அவ்வாண்டு பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) மில் வேலைநிறுத்தம் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் இடையிலான மோதலாக மாறி, புளியந்தோப்பு எரிந்தபோது, கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர்களின் பக்கம் நிற்கவில்லை. அரசு அவர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுவதாகக் குறைகூறினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. இராஜா 1923இல் கட்சியைவிட்டு விலகியதற்கு அந்தக் காயம்தான் காரணம். ஸ்பர்டாங்கில் கொடுத்த வாக்கு நான்கு ஆண்டுகூடத் தாங்கவில்லை. நாயர் உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். இறந்தவரின் பெயரால் அப்படிச் சொல்வது எளிது. நான் அதை ஏற்கவில்லை.

சுவடிக்காரர்:

அந்தக் கடைசி வரியோடு நானும் உடன்படுகிறேன். கட்சியின் குற்றத்தை நாயர்மீது ஏற்றுவதும் தவறு. நாயரின் நினைவைக் காட்டிக் கட்சியைத் தப்பவிடுவதும் தவறு.

பெசன்ட் பகையைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இந்தப் பகை ஹோம் ரூல் இயக்கத்தால் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அரசியலுக்கு முந்தியது. மருத்துவ இதழ் ஒன்றில் தொடங்கியது. டாக்டர் யு. ராமராவ் 1904இல் நிறுவிய ‘ஆன்டிசெப்டிக்’ இதழின் ஆசிரியராக நாயர் இருந்தார். பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுவர்களுக்குக் கற்பித்தவற்றைக் கடுமையாகக் கண்டித்து 1910இல் அவ்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பெசன்ட் அம்மையார் வழக்குத் தொடுத்தார், 1913இல் தோற்றார். குழந்தைகளின் நலன் கெடுகிறது என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றியதை மருத்துவ இதழிலேயே எழுதிய துணிவு அது. அந்த நேரத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் பெசன்டிடமிருந்து மீட்க அவர்களுடைய தந்தை நாராயணையா தொடுத்த வழக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அவருக்காக வாதாடியவர் சி. பி. இராமசாமி ஐயர். அதே சி. பி. சில ஆண்டுகளில் ஹோம் ரூல் இயக்கத்தில் பெசன்டின் வலக்கையானார். ராமராவோ பின்னாளில் காங்கிரஸ்காரராகச் சென்னைச் சட்ட மேலவையின் தலைவர் பதவியை வகித்தார். 1913இல் பெசன்டுக்கு எதிராக ஒரே பக்கம் நின்றவர்கள் 1917இல் எங்கெங்கோ போய்விட்டார்கள். இந்த மனிதர்களைக் கட்சிக் கட்டங்களுக்குள் அடைத்துப் படிக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாலக்காட்டு நண்பர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நாயரோடு சேர்ந்து கட்சியை நிறுவிய தியாகராயச் செட்டியாருக்கும் நாயருக்கும் இருந்த பழைய மனத்தாங்கலை யாரும் குறிப்பிடவில்லையே. 1904 முதல் சென்னை மாநகராட்சியில் திருவல்லிக்கேணியின் உறுப்பினராக நாயர் இருந்தார். பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு மாநகராட்சித் தண்ணீர் வழங்குவது பற்றிய தகராறில் செட்டியார் ஒரு பக்கமும் நாயர் மறுபக்கமும் நின்றார்கள். 1916இல் நாயர் மாநகராட்சியிலிருந்தே வெளியேறினார். இப்படி முகம் பார்த்துப் பேசாத இருவரை ஒரே மேடையில் அமர்த்தியவர் டாக்டர் சி. நடேச முதலியார். அவரும் மருத்துவர்தான். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்கள் தங்கிப் படிக்கத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தியவர். மேடையில் முழங்கியவர்களைவிட, இரண்டு பிணக்காளிகளின் வீட்டுக்கும் நடந்து நடந்து அவர்களைச் சேர்த்துவைத்த நடேசனாரை நான் அதிகம் மதிக்கிறேன்.

நாடித்துடிப்பு:

நடேசனாரைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். தயவுசெய்து தொடங்குங்கள்.

குளத்துத் தண்ணீர் விஷயத்தில் எனக்கு நாயரின் நிலைப்பாடு புரிகிறது. காலராவும் வயிற்றுப்போக்கும் ஊரை வாட்டிய காலத்தில், மாநகராட்சியின் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் எங்கே போகிறது என்று ஒரு மருத்துவர் கணக்குப் பார்ப்பது இயல்பு. செட்டியார் அதைப் பக்தர்களின் உரிமையாகப் பார்த்தார். இருவரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆற்காட்டு அன்பர்:

எல்லோரும் பெருந்தன்மையோடு பேசுகிறீர்கள்; நான் கசப்பான பகுதியைச் சொல்கிறேன். காங்கிரசில் இருந்த நாயர், 1916இல் பேரரசுச் சட்டமன்றத் தேர்தலில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி போன்றோர் வென்றபோது தோற்றார். தோற்ற அதே ஆண்டில் கட்சி தொடங்கினார். 1918இல் இலண்டன் சென்று யாரோடு கைகோத்தார்? சைடன்ஹாம் பிரபுவோடும் லாமிங்டன் பிரபுவோடும். இருவரும் பம்பாயின் முன்னாள் ஆளுநர்கள். சைடன்ஹாமோ இந்தியருக்கு ஆட்சியுரிமை கொடுப்பதையே வெறுத்தவர். தொழிலாளிக்காக எழுதியவர், தேசம் முழுவதும் விடுதலை கேட்ட நேரத்தில் இப்படிப்பட்டவர்களின் துணையை நாடலாமா?

வேப்பேரி வாசகர்:

துணை கெட்ட துணைதான். அதை அழகுபடுத்தத் தேவையில்லை. சைடன்ஹாமுக்கு வேண்டியது சீர்திருத்தத்தைத் தடுக்க ஓர் இந்தியக் குரல். நாயருக்கு வேண்டியது தம் குரல் கேட்கப்படுவதற்கு ஒரு மேடை. நாயர் இலண்டன் சென்றபோது அரசியல் பேசக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு அவருக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. பிரபுக்கள் அவையில் எதிர்ப்பு எழுந்த பிறகே அந்தத் தடை தளர்ந்தது. பிரிட்டிஷாரின் கையாள் என்று அவரை அழைப்பவர்கள் இந்தத் தடைக்கும் விளக்கம் தர வேண்டும்.

தேர்தல் தோல்வியைப் பற்றி: தோல்வி அவரைச் சுட்டிருக்கும்; அவரும் மனிதர்தான். ஆனால் 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை தனிமனிதரின் கோபத்தில் எழுதப்பட்டதன்று. 1913இல் சென்னை மாகாணத்தின் 128 மாவட்ட முன்சீப்புகளில் (கீழ்நிலை நீதிபதிகளில்) 93 பேர் பிராமணர் என்ற கணக்கை அது எடுத்துக்காட்டியது. மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவே இருந்த ஒரு வகுப்பினர் அவர்கள். மறுப்புக் குறிப்பை எழுதிய அதே மனம் இங்கும் வேலை செய்வதை நான் பார்க்கிறேன். ஆலையில் ‘நேரம் தானாகக் குறைந்துவிடும்’ என்றார்கள், அவர் நம்பவில்லை. அரசியலில் ‘சுயராஜ்யம் வந்தால் எல்லோருக்கும் தானாகப் பங்கு கிடைத்துவிடும்’ என்றார்கள். அதையும் அவர் நம்பவில்லை. எது நேரடியாகச் சட்டத்தில் எழுதப்படவில்லையோ, அது எளியவனுக்குக் கிடைக்காது என்பதுதான் இரண்டு இடத்திலும் அவருடைய நிலை. நான் 1908இலிருந்து படிக்கச் சொன்னதன் காரணம் இதுவே.

ஆற்காட்டு அன்பர்:

இந்த ஒப்பீடு என்னை யோசிக்க வைக்கிறது. ஆனாலும் ஆலையில் முதலாளி ஒருவர், தொழிலாளி ஒருவர். அரசியலில் மேலே ஆங்கிலேயர் என்ற பெரிய முதலாளி இருந்தார். அவரை விட்டுவிட்டுக் கங்காணியோடு மட்டும் மல்லுக்கட்டுவது சரியா என்ற என் ஐயம் தீரவில்லை.

மில் சங்கு:

அன்பரே, ஆலையில் எங்களை நாள்தோறும் அடித்தது மேஸ்திரிதான். முதலாளியை நாங்கள் பார்த்ததே இல்லை. இருவரோடும் போராட வேண்டும் என்பது என் நிலை. ஆனால் மேஸ்திரியோடு மல்லுக்கட்டியவரைத் துரோகி என்று என்னால் சொல்ல முடியாது.

பாலக்காட்டு நண்பர்:

இறுதி நாட்களைப் பற்றியும் பதிவு செய்துவிடுவோம். 1919இல் அவர் இரண்டாம் முறையாக இலண்டன் சென்றது, இந்திய ஆட்சிச் சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் சாட்சியம் அளிப்பதற்காக. சாட்சியம் அளிக்கும் முன்பே இறந்துவிட்டார். அவர் கேட்ட வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், இடஒதுக்கீடு என்ற வடிவில் மறு ஆண்டு மெஸ்டன் பிரபு அளித்த நடுவர் தீர்ப்பின் வழியே வந்தது: சென்னைச் சட்டமன்றத்தில் 65 பொது இடங்களுள் 28 பிராமணரல்லாதாருக்கு. 1920 தேர்தலில் வென்று அவர் கட்சி ஆட்சியமைத்ததைப் பார்க்க அவர் இல்லை. பெரியார் பிற்காலத்தில் அவரைத் ‘திராவிட லெனின்’ என்று அழைத்தார். தியாகராய நகரில் டாக்டர் நாயர் சாலை இருக்கிறது. அதில் நாள்தோறும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

நாடித்துடிப்பு:

இன்சுலின் ஒரு நோயாளிக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். நாயர் இறந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து. அதற்கு முன் நீரிழிவுக்கு உணவைக் குறைப்பதைத் தவிர மருத்துவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. தம் உடல் எந்த வேகத்தில் போகிறது என்பதை மற்ற எவரையும்விட அவர் நன்றாக அறிந்திருப்பார். அப்படியிருந்தும் 1919இல் மீண்டும் கப்பலேறினார். அவருடைய அரசியலோடு எவ்வளவு முரண்பட்டாலும், இந்த முடிவின் முன் நான் தலைவணங்குகிறேன்.

மில் சங்கு:

வேப்பேரி வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மறுப்புக் குறிப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். அதைத் தமிழில் படிக்க வழி உண்டா? எங்கள் பகுதி வாசகசாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள். 1922ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்குப் பதினொரு மணி, வாரத்துக்கு அறுபது மணி என்று கொண்டுவந்தது வரை அவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய பன்னிரண்டு மணிக்காக வாதிட்டவர் யார் என்பது தெரியாது.

வேப்பேரி வாசகர்:

ஆணைய அறிக்கை பதிப்புரிமைத் தடையின்றிப் பொதுவில் உள்ள அரசு ஆவணம். மொழிபெயர்க்கத் தடை ஏதும் இல்லை. வேலை நேரம் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளின் வயது, உடல்நலம் பற்றிய பகுதிகளை மருத்துவர் அம்மா பார்த்துத் தந்தால் கலைச்சொற்கள் பிழையில்லாமல் அமையும். மில் சங்கு அவர்கள் ஆலைக்குள் வழங்கும் சொற்களைச் சரிபார்த்துத் தர வேண்டும். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் எதுவோ அதையே போடுவோம். முதல் பகுதி முடிந்ததும் இங்கேயே பதிகிறேன்.

நாடித்துடிப்பு:

சம்மதம். பற்களைப் பற்றிய பகுதி ஏதேனும் இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.